அரைப் பேர்

டிக்கோயாவில் மழைக்கு நேரம் கிடையாது.
காலை பத்துக்கே ஆய்வுகூடத்தில் விளக்கு.
நாற்பத்தொரு குழாய்கள், ஊதா மூடிகள்,
நாலு டிவிஷனின் கர்ப்பிணிகள்.
இயந்திரம் எண்களைத் துப்புகிறது:
எட்டு தசம் நான்கு. ஒன்பது. ஏழு தசம் ஒன்று.

ஏழு தசம் ஒன்று, சிவபாக்கியம்.
வாங்கில் உட்காரச் சொன்னால் உட்காராமல்
உள்ளே எட்டிப் பார்க்கிறாள்
என் மேசைப் போத்தலை.

"அதென்னங்க மிஸ்ஸி, வெரலா?"

புழு.
மன்னாரில் கடல் வற்றிய நேரம்
முழங்கால் சேற்றில் நின்று நானே தோண்டியது.
ஃபோர்மலினில் ஒன்பது வருடம்;
இப்போது நனைந்த கச்சான் கோதின் நிறம்.

அன்று உயிரோடு ஒன்றைக் கீறினோம்.
வடிந்ததில் நிறமே இல்லை, கஞ்சித் தெளிவு.
குழாயில் ஊற்றிக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கினால்
காற்றுப் பட்டதும்
நாவற்பழம் தின்ற நாக்கு.
சும்மா வைத்தால் வெளிறும்.
குலுக்கு, வரும். வை, போகும்.
பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை
நானும் பிரிசில்லாவும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

ஹீமெரித்ரின்.
பேரில் ஹீம் உண்டு, ஆளில் இல்லை.
நம் இரத்தம் இரும்பைத் தட்டில் வைத்து ஏந்தும்;
இதற்குத் தட்டு கிடையாது.
எட்டுக் காம்பரா லயம் அது,
முதுகோடு முதுகாக நாலும் நாலும்.
காம்பராவுக்கு நாலு சுருள் தூண்,
நடுவில் அடுப்புக் கல்லாக இரண்டு இரும்பு,
இரண்டையும் கட்டிய ஒட்சிசன் பாலம்.
ஒன்றை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன.
மற்றதை இரண்டே.
காற்று வந்தால்
குறைவாய்ப் பிடிக்கப்பட்டதிடம்தான் போய் அமரும்.
அதனிடம்தான் இடம் இருக்கிறது.

(பரீட்சையில் இதற்குப் பத்துப் புள்ளி. எனக்கு ஆறு.)

இன்னொன்றும் உண்டு.
விறகுப் புகையின் காபனோரொட்சைட்டு
நம் இரும்பில் ஏறினால் இலேசில் இறங்காது.
புழுவின் இரும்பு அதைத் திரும்பியும் பாராது.
புழுவுக்கு லயமுமில்லை, அடுப்புமில்லை.
யாருக்காக இந்தக் கவனம்?

இதில் எதையும் சொல்லவில்லை.
"கடல் புழு" என்றேன்.
"என்னத்தத் திங்கும்?"
"மணல். ஒட்டியிருப்பதை எடுத்துக்கொண்டு
மணலை வெளியே தள்ளிவிடும்."

சட்டென்று கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
பல்லிடுக்கில் ஒரு சாம்பல் கோடு.
"நானுந்தான் மிஸ்ஸி.
அடுப்பு மண்ணச் சொரண்டி, ராவுல.
யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: மண் தின்கிறார்.
டொக்டருக்காக ஆங்கிலத்தில் இன்னொரு தரம்.
சொல்லிவிட்டேன், அவளிடம் கேட்காமல்.

"இரும்பு மாத்திரை தருவாங்க.
தேத்தண்ணியோட மட்டும் குடிச்சிறாதீங்க,
சாயம் இரும்பைக் கட்டிப்போடும்" என்றேன்,
இந்த மலையில் நின்றுகொண்டு.
அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.
கொழுந்துக் கறை நகக் கண்வரை ஏறியிருந்தது.

நாளை பெரட்டுக்குப் போவாள்.
ஏற்றத்தில் இரண்டு தரம் நிற்பாள், மூச்சுக்கு.
தராசு முள் எட்டாது.
கணக்கப்பிள்ளை செக்ரோலில் அரைப் பேர் போடுவார்.
எந்தக் கை குறைந்தது என்று
அங்கே யாரும் எண்ணுவதில்லை.

நாலு மணிக்கு மின்சாரம் போயிற்று.
கழிவுப் பெட்டிக்கு அனுப்புமுன்
அவளுடைய குழாயை ஜன்னலருகே கொண்டுபோய்
மூடியோடு மெல்லச் சாய்த்தேன்,
நிமிர்த்தினேன், மறுபடி சாய்த்தேன்.
உள்ளே சிறைப்பட்டிருந்த துளிக் காற்று
மேலும் கீழும் ஓடியது.
கறுத்துக் கிடந்தது கொஞ்சம் சிவந்தது.

இருக்கிற அளவுக்கு.